கட்டமேட்டில் இரண்டரை மணி நேரம்

தொப்பூர்க் கணவாயில்
மாம்பழக்கூழ் ஏற்றிய லாரி குடைசாய்ந்து
எங்கள் பேருந்து நின்றபோது
இரவு ஒன்பது நாற்பது.
மடிக்கணினிக்குள் ஒரு சுருள் பேரடை.
பெயரில்லை, பதினோரு இலக்க எண் மட்டும்.

அதில் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது: நீலம்.
மறு பாதி விலகிப் போகிறது: சிவப்பு.
நடுவே அசையாததுபோல் நடிக்கும் ஒரு வெள்ளைக் கோடு.
எட்டு மாதமாக இதற்கு
வேகம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
பேட்டரி பதினான்கு சதவீதம்.

இறங்கி நடந்தேன்.
மேட்டு விளிம்பிலிருந்து பார்த்தால்
சேலத்துப் பக்கம் பின்விளக்குகள்,
தருமபுரிப் பக்கம் ஏறிவரும் முகவிளக்குகள்.
போக வேண்டியது சிவப்பு, வருவது வெள்ளை.
யாரோ என் திரையை
மலைமேல் உதறிப் போட்டதுபோல.

முன்னால் ஒரு வண்டி மெல்ல நழுவி விடுபடும்.
பின்னால் பாளையம் சுங்கச்சாவடி தாண்டி
இன்னொன்று வந்து ஒட்டும்.
வண்டிகள் மாறிக்கொண்டே இருக்க
நெரிசல் அதே வளைவில் இருந்தது.
சுருள் கையும் இப்படித்தான்.
கை என்பது குறிப்பிட்ட விண்மீன்கள் அல்ல,
எல்லா விண்மீன்களும் வேகம் குறைந்து கடக்கும் இடம்.

(உவமை ஓரிடத்தில் நொண்டுகிறது:
அங்கே எதுவும் குடைசாய வேண்டியதில்லை.
கூட்டமே கூட்டத்தை இழுக்கும்.)

பைக்குகள் இடுக்கில் புகுந்து போய்விட்டன,
விண்மீன்களைப்போல, ஒன்றையொன்று உரசாமல்.
வாயுவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.
வந்த வேகத்தில் முட்டும், நசுங்கும், சூடேறும்,
பிறகு குளிர்ந்து இருண்டு
நசுங்கிய இடத்திலேயே
புது வெளிச்சங்களைப் பற்றவைக்கும்.
இரண்டு லாரிகளுக்கு நடுவே
ஒரு ஸ்டவ் எரிந்தது. முட்டை பொரியும் வாசம்.
பீடி நுனிகள் இரண்டு, மூன்று, ஏழு.

பெரிய நீல விண்மீன்கள்
பிறந்த வளைவைத் தாண்டுமுன் தீர்ந்துபோகும்.
வகுப்பில் இதைச் சாதாரணமாகச் சொல்வேன்.
இங்கே தடுப்புச் சுவரில்
காய்ந்த சாமந்தி மாலை.
அதன் கீழே யாரோ ஒட்டிய படம்,
மீசை முளைத்தும் முளைக்காத முகம்.
அடுத்த வாக்கியம் எனக்கு வரவில்லை.

கிரேன்காரர் பெயர் தீர்த்தகிரி.
கம்பிவடம் மாட்டிவிட்டு வந்து
தண்ணீர் கேட்டார்.
"தார்ப்பாய் மூடியிருந்தா என்ன,
இறங்குற இறக்கத்தைப் பாத்தே
உள்ள எத்தனை டன்னுன்னு சொல்லிடுவேன்.
பில்லுல பதினாறு போட்டிருப்பான்,
வண்டி இருபத்தஞ்சா இறங்கும்."

நின்றுவிட்டேன்.
என் பேரடையில்
ஒளி முடிந்த பிறகும் வாயு சுற்றுகிறது.
அவ்வளவு தொலைவில் அது தளர்ந்திருக்க வேண்டும்.
தளரவில்லை.
விநாடிக்கு இருநூற்றுப் பத்து கிலோமீட்டர்,
உள்ளே ஓடிய அதே ஓட்டம்.
கடைசிப் புள்ளி இன்னும் கொஞ்சம் மேலே.
பிழையாக இருக்கும், எடுத்துவிடு என்றார்கள்.

அவரிடம் சொன்னேன்,
மேலயும் இப்படித்தான்,
கண்ணுக்குத் தெரியற சரக்கைவிட
அஞ்சு மடங்கு பாரம்.
"என்ன லோடு?"
தெரியாது.
"பில்லு?"
இல்ல.
"யாரும் மடக்கலையா?"
அம்பது வருஷமா மடக்கிப் பாக்குறாங்க.
சிரித்தபடி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.
"அப்ப வண்டி நல்ல வண்டிதான்."

பன்னிரண்டு பத்துக்கு லாரி நிமிர்ந்தது.
டிரம்கள் உடைந்து வழிந்த கூழை
மண் போட்டு மூடினார்கள்.
அதன்மேல்தான் எல்லோரும் நடந்து ஏறினோம்.
கண்டக்டர் மாதையன் தலைகளை எண்ணினார்.
டிக்கெட்டைவிட ஒன்று அதிகம்.
மறுபடி எண்ணாமல் விசில் ஊதினார்.

இரட்டைப் பாலத்தில் பேட்டரி மூன்று சதவீதம்.
கடைசிப் புள்ளியை அழிக்கவில்லை.
அதன் பிழைக்கோட்டை மட்டும்
மேலும் கீழும் நீட்டிவிட்டு மூடினேன்.

சேலம் வரும்வரை
இருக்கைக்கு அடியில், இருட்டில்,
என் செருப்பு மாம்பழமாய் மணத்தது.